குமுட்டியும் முற்றமும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். இலக்கியம் பேசத் தகுந்த பெரியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நானோ மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தன், பி.ஏ. படித்தவன், கோப்புகளில் குறிப்பு எழுதியே கை பழகிவிட்டவன். பதவிக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மேசையும் கோப்பும் பழையவையே. இத்தகையவன் எதை எழுதுவது?

இந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் எங்கள் பிரிவில் அண்மையில் வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர். திருநெல்வேலிச் சீமைக்காரர், தில்லிக் குளிரை முதன்முறையாகக் காண்பவர். ஒருநாள் பகலுணவு வேளையில் அவர் என்னிடம், "சார், டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் மலைப்பக்கம் போகிறோம். வண்டிக்குப் பின்னால் ஒரு சிறிய டிரெய்லர், இரண்டு கூடாரம், எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கையோடு எடுத்துப்போய்ச் சுட்டுச் சாப்பிட ஓர் அடுப்பு வாங்கவேண்டும். எது நல்லது? உங்களுக்கு இதில் அனுபவம் உண்டு என்று சொன்னார்கள்" என்று கேட்டார்.

அனுபவம் உண்டுதான். அதில் ஒரு பாதியைப் பலரிடம் சுவைபடச் சொல்லியிருக்கிறேன். மறுபாதியை, அதை என்னோடு அனுபவித்தவர்களைத் தவிர, எவரும் அறியார். அந்த இளைஞரிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்தபின், இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியன்று என்று தோன்றிற்று. ஆகவே எழுதுகிறேன்.

கையோடு எடுத்துச் செல்லும் அடுப்பு நமக்குப் புதிதன்று. கும்பகோணத்திற்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டில் ஓர் இரும்புக் குமுட்டி இருந்தது. சமையலறையில் பெரிய அடுப்பு விறகில் எரியும்; குமுட்டி அதற்குத் துணை. இருபுறமும் பிடி உண்டு. காலையில் காப்பிக்காகப் பாட்டி அதைத் தாழ்வாரத்தில் வைப்பாள். மாலையில் அப்பளம் சுடுவதற்கு முற்றத்தின் ஓரத்திற்கு வரும். அடைமழை நாளில் ஈரத்துணி உலர்த்தக் கூடத்திற்கும் வந்துவிடும். முழுக் கத்தரிக்காயைத் தணலில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, கருகிய தோலை உரித்து, அம்மா செய்யும் துவையலை நினைத்தால் இன்றும் நாவூறுகிறது. அப்பா மறைந்தபின், 2009ஆம் ஆண்டில், அம்மா எங்களோடு இருக்கத் தில்லிக்கு வந்தாள். அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் அந்தக் குமுட்டியும் இருந்தது. "எரிவாயு இருக்கிறதே, இது எதற்கம்மா?" என்று கேட்டேன். "அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாள்.

வடபுலத்தார் அங்கீட்டி என்று சொல்வது நம் குமுட்டியின் உடன்பிறப்பே. பழைய இரும்பு வாளியின் உட்புறம் களிமண் பூசி, நடுவில் கம்பிகளைப் பொருத்தி, அடியில் காற்றுப் புக ஒரு வாய் வெட்டிவிட்டால் அங்கீட்டி ஆயிற்று. குளிர்கால இரவுகளில் தெருவோரத்தில் காவலாளிகள் அதைச் சூழ்ந்து அமர்ந்திருப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் காட்சி அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். "இங்கேயும் குமுட்டி இருக்கு பாரு" என்பாள்.

என் அலுவலக நண்பர் ஒருவர் கார்வால் மலைநாட்டைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் கார்வால் ரைபிள்ஸ் படையில் சுபேதாராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, மலையடிவாரத்து ஊரான கோட்துவாரில் குடியிருந்தார். இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் மாட்டும் இரு சக்கரச் சிறு டிரெய்லரும் அவரிடம் இருந்தன. டிரெய்லர் கால் டன் சுமை தாங்குவது. அளவில் ஒரு கட்டிலைவிடச் சற்றுப் பெரியது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் எங்களை அழைத்தார். லான்ஸ்டௌனுக்குச் சற்றுக் கீழே அவருடைய உறவினரின் படிவயல்கள் இருந்தன. அங்கே கூடாரமடித்து இரண்டு இரவு தங்கலாம் என்பது ஏற்பாடு. நான், என் மனைவி, ஐந்து வயது மகள், அம்மா ஆகிய நால்வரும் மீரட், பிஜ்னோர், நஜீபாபாத் வழியாகப் பேருந்தில் கோட்துவார் போய்ச் சேர்ந்தோம்.

போகுமுன் நான் சதர் பஜாரில் ஓர் அடுப்பு வாங்கியிருந்தேன். மடித்தால் புத்தகம்போல் ஆகிவிடும், பளபளப்பான தகடு, கைக்கு எடையே தெரியாது. சுபேதார் அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். தகடு உள்வாங்கியது. அவர் சிரித்துவிட்டு, அதை டிரெய்லரில் ஏற்றாமல் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். பிறகு தம் அடுப்பைக் கொண்டுவந்தார். ஊர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டாலான நீள்பெட்டி; மடக்கும் கால்கள்; அடியில் இழுக்கக்கூடிய சாம்பல் தட்டு; மேலே கம்பித் தட்டி. அன்று அவர் சொன்னவையே அடுப்புத் தேர்வைப்பற்றி எனக்குத் தெரிந்தவை அனைத்தும்.

முதலாவது, தகட்டின் கனம். மெல்லிய தகடு இரண்டாம் மூன்றாம் தீயிலேயே கோணிக்கொள்ளும், கோணினால் கால் நிற்காது, கங்கு சரியும். அளவுக்கு மீறிக் கனத்தாலோ தூக்க ஆள் வேண்டும். இரண்டாவது, காற்று. கரி மேலிருந்து எரிவதன்று. அடியிலிருந்து காற்று ஏறவேண்டும். அடியில் துளையும், சாம்பல் தட்டை இழுத்தும் தள்ளியும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழியும் இல்லாத அடுப்பு, வெறும் தகரப் பெட்டியே. மூன்றாவது, கம்பிகளின் இடைவெளி. சுண்டுவிரல் நுழையாத அளவு போதும்; அதற்கு மேற்பட்டால் பாதிப் பண்டம் தீக்கே இரையாகும். நான்காவது, கால்கள். தரைக்கும் அடுப்புக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால்தான் புல் கருகாது. ஐந்தாவது, பூச்சு. துத்தநாகம் பூசிய பளபளக்கும் வலையையோ, பழைய குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தட்டியையோ தணலின்மேல் வைக்கக் கூடாது. பூச்சு சூடேறிக் கக்கும் புகை காய்ச்சலை உண்டாக்கும். சில பூச்சுகளின் புகை அதனினும் கொடிது. கறுத்துப்போன வெற்றிரும்பே நல்லது. எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

சுடுவதற்குக் கரியடுப்பு, கொதிக்கவைக்க வேறு அடுப்பு என்பது அவருடைய கொள்கை. அதற்காகப் பித்தளைப் பம்பு ஸ்டவ் ஒன்றையும் எடுத்து வந்தார். சுவீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. 1911இல் தென்துருவம் அடைந்த ஆமுண்ட்சென்னும் பிரைமஸ் அடுப்பைத்தான் கொண்டு போனார். இன்று தில்லியில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? ஆகவே இளைஞர்கள் கைக்கடக்கமான பூட்டேன் குப்பியடுப்பை வாங்குகிறார்கள். அது நல்லதே; ஆனால் பூட்டேன் நீர்நிலையிலிருந்து வாயுவாக மாறுவது பூச்சியம் டிகிரியை ஒட்டி. பனி உறையும் விடியற்காலையில் குப்பி நிறைந்திருந்தும் சுடர் எழாது. புரோப்பேன் கலந்த குப்பியாகப் பார்த்து வாங்கவேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். உருளையைக் கூடாரத்துக்குள் வைத்து உறங்கலாகாது. இன்னொன்று: கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், லான்ஸ்டௌனின் உயரமாகிய 1,700 மீட்டரில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாமல் அடம் பிடிக்கும். சாம்பார் வேண்டுமென்பவர்கள் குக்கரை மறக்கக் கூடாது.

டிரெய்லரில் சுமை ஏற்றுவதும் ஒரு கலை என்பதை அன்றுதான் அறிந்தேன். கனமானவை அடியில், அச்சுக்குச் சற்று முன்னால், இலேசானவை பின்னால். பின்பாரம் மிகுந்தால் வளைவுகளில் டிரெய்லர் வால் ஆட்டும். மலைப்பாதையில் அது விளையாட்டன்று. மண்ணெண்ணெய்த் தகரம் ஒரு மூலை. அதன் மணம் எட்டாத எதிர்மூலையில் அரிசியும் பருப்பும். கரிச்சாக்கை ஈரம் படாமல் தார்ப்பாயில் சுற்றினார். கோட்துவாரிலிருந்து லான்ஸ்டௌனுக்கு 40 கிலோமீட்டர் தொலைவுதான். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

படிவயலில் டிரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கூடாரம் அடித்தோம். பழைய இராணுவக் கூடாரம், கனத்த கித்தான், வாயில்துணியைக் கயிறு கோத்து இறுக்கினால் காற்று நுழையாது. கூடாரத்திலிருந்தும் டிரெய்லரிலிருந்தும் பத்து அடிக்கு மேல் தள்ளி, காற்று அவற்றிலிருந்து விலகி வீசும் பக்கத்தில், தட்டையான கற்களின்மேல் அடுப்பை நிறுத்தினார் சுபேதார். அக்காட்டில் சீட் என்னும் ஊசியிலை மரமும், பாஞ்ச் என்னும் கருவாலி மரமும் உண்டு. சீட் மரம் பிசின் நிறைந்தது. குபீரென்று பற்றிப் புகைந்து, பண்டத்தில் கீல் வாடையை ஏற்றிவிடும். பாஞ்ச் நின்று நிதானமாகக் கனலும். கோடையில் உதிரும் சீட் சருகு ஒரு பொறிக்கே காடு முழுவதையும் கொளுத்தக் கூடியது; அதனால்தான் உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நாட்களைக் காட்டுத்தீப் பருவம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்நாட்களில் அங்கே வெளியில் அடுப்பு மூட்ட நினைப்பதே தவறு.

அன்று மாலை அம்மாவே அடுப்புக்கு அரசியானாள். சூடம் ஒன்றை வைத்துக் கரியைப் பற்றவைத்தாள். ஊரிலிருந்து கொணர்ந்த பனையோலை விசிறியால் விசிறினாள். நான் அவசரப்பட்டுக் கத்தரிக்காயை வைக்கப் போனேன். "இருடா, நீறு பூக்கட்டும்" என்று தடுத்தாள். புகை ஓய்ந்து, சுடர் அடங்கி, கங்கின்மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே பண்டம் ஏறவேண்டும். பிறகு இடுக்கியால் கங்குகளை ஒருபுறமாகக் குவித்தாள். குவித்த பக்கம் கடுஞ்சூடு, மறுபக்கம் இளஞ்சூடு. அப்பளம் கடுஞ்சூட்டில் இரண்டு புரட்டு. கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இளஞ்சூட்டில் அரைமணி. சுபேதார் அருகில் நின்று அனைத்தையும் கவனித்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கங்கை ஒதுக்கிய விதத்தைக் கண்டு, தம் படையில் இருந்த சமையற்காரர்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை என்று என்னிடம் சொன்னார். அன்று அந்த மலையடுக்கில் உண்ட கத்தரிக்காய்த் துவையலும் சோறும் எங்கள் வாழ்வின் நல்ல உணவுகளுள் ஒன்று. இவ்வளவும் நான் பலரிடம் சொல்லியிருக்கும் பாதி.

இனி மறுபாதி. சுபேதாரும் என் நண்பரும் மேற்படியில் இருந்த உறவினர் வீட்டிற்கு உறங்கச் சென்றார்கள். எங்களையும் அங்கே அழைத்தார்கள். கூடாரத்தில்தான் உறங்குவது என்று அடம் பிடித்தவன் நான்தான். போகும்போது சுபேதார், கங்கின்மேல் நீர் ஊற்றிக் கிளறி மீண்டும் ஊற்றும்படி சொன்னார். பிறகு விரலை உயர்த்தி, "ஆக் பாஹர், ஆத்மீ அந்தர்" என்றார். தீ வெளியே, மனிதர் உள்ளே என்பது அதன் பொருள். நான் தலையாட்டினேன்.

ஒன்பது மணிக்குமேல் குளிர் இறங்கியது. இரண்டு கம்பளிக்குள்ளும் அம்மாவின் பற்கள் கிட்டிக்கொண்டன. வெளியே அடுப்பில் தணல் இன்னும் செக்கச்செவேலென்று இருந்தது. புகை என்பது மருந்துக்கும் இல்லை. நான் ஈரச்சாக்கைச் சுற்றி அடுப்பைத் தூக்கிவந்து கூடாரத்தின் நடுவே வைத்தேன். "வேண்டாம்டா, அவர் வெளியில இருக்கட்டும்னுதானே சொன்னார்?" என்றாள் அம்மா. "நம் வீட்டில் கூடத்திலேயே வைக்கவில்லையா? புகையே இல்லை, பாரம்மா" என்றேன். படித்த மகன் சொன்னதைக் கேட்டு அவள் பேசாமல் இருந்துவிட்டாள். நான் வாயில்துணியைக் கயிறு கோத்து இறுக்கிக் கட்டினேன். கூடாரத்துக்குள் இதமான வெம்மை பரவியது. நாங்கள் உறங்கினோம்.

எவ்வளவு நேரம் சென்றதோ அறியேன். குழந்தை தலைவலி என்று அழுது வாந்தி எடுத்தாள். வளைவுப் பாதையில் வந்த களைப்பு என்று நினைத்தேன். மனைவி அவளைத் தூக்க எழுந்தாள். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் நெற்றி விண்ணென்று தெறித்தது. எழுந்து உதவவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கை அசையவில்லை. அசைக்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அதைத்தான் இன்றும் நினைத்து நடுங்குகிறேன். அச்சமே தோன்றவில்லை, உறக்கம்தான் இனித்தது. அம்மாவிடமிருந்து ஓசையே இல்லை.

படுக்குமுன் ஒருமுறை சுற்றிவருவது சுபேதாரின் படைக்காலப் பழக்கம். கங்கு அவிந்ததா என்று பார்க்க வந்தவர், கற்களின்மேல் அடுப்பைக் காணாமல் நின்றிருக்கிறார். அடுத்த கணமே கூடாரத்துக் கயிறுகளைக் கத்தியால் அறுத்துவிட்டார். குழந்தையை முதலிலும், பிறகு அம்மாவையும், பிறகு எங்களையும் இழுத்துப் புல்லில் கிடத்தினார். டிரெய்லர் ஏற்கெனவே கழன்று நின்றது நல்லதாயிற்று. ஜீப்பை உடனே எடுக்க முடிந்தது. மருத்துவமனையில் எல்லோருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். குழந்தை விடியுமுன் பால் கேட்டாள். அம்மாவுக்கு நினைவு தெளிய மறுநாள் உச்சிப்பொழுது ஆயிற்று. எல்லோரும் பிழைத்தோம்.

கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தோன்றும் என்று பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைப்போல் 200 மடங்குக்கும் மேலாக அதைப் பற்றிக்கொள்ளும். மூச்சு வாங்கிக்கொண்டே இருப்போம். உடலுக்கு உயிர்க்காற்று போய்ச் சேராது. விறகானால் புகைந்து கண்ணைக் கரித்து நம்மை விரட்டிவிடும். நீறு பூத்த கரியோ நல்லவன்போல் அமர்ந்திருக்கும். சமையலுக்கு மிக ஏற்ற அந்தப் பதமே, மூடிய அறையில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. தலைவலி, குமட்டல், மயக்கம், கால் தளர்ச்சி ஆகியவை ஒரே இடத்தில் பலருக்கு ஒருசேர வந்தால், காரணம் ஆராயாமல் முதலில் வெளிக்காற்றுக்கு வந்துவிடவேண்டும். தேறிவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் போகவேண்டும்.

அப்படியானால் கும்பகோணத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குமுட்டியை உள்ளே வைத்தும் எங்களுக்கு ஒன்றும் நேராதது ஏன்? இக்கேள்வி என்னை நெடுநாள் குடைந்தது. விடை எளியது. அந்த வீட்டில் உள்ளே என்று நாங்கள் சொன்ன இடம் உண்மையில் உள்ளே அன்று. நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம், நாலுபுறமும் தாழ்வாரம், ஓட்டுக்கூரையில் ஆயிரம் இடுக்கு, வாசற்கதவு பகலில் சாத்தப்பட்டதே இல்லை. அந்த வீடு ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குமுட்டியின் நஞ்சை முற்றம் வாங்கி வானத்திடம் கொடுத்துவிட்டது. தில்லிக்கு வந்த நாம் குமுட்டியைக் கொண்டுவந்தோம், முற்றத்தைக் கொண்டுவரவில்லை. குளிருக்கு அஞ்சிச் சன்னலின் இடுக்கைக்கூடத் துணி வைத்து அடைக்கிறோம். குளிர் அறியாத ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை பரம்பரையாக வரவில்லை. மலைநாட்டுச் சுபேதாருக்கு அது பாலோடு ஊட்டப்பட்டிருந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இதை மறைத்திருக்க மாட்டேன். மறைத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தில்லி திரும்பியபின் அலுவலகத்திலும் உறவினரிடத்திலும், "மலையில் உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவைத்தேன். என் அறியாமையால் நான்கு உயிர் போகவிருந்தது என்று சொல்ல நா எழவில்லை. ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்தாள். "சின்னக் குழந்தைக்குப் போய்ச் சுட்ட கத்தரிக்காயைக் கொடுப்பாளா ஒருத்தி? வயசாச்சே தவிர விவரம் இல்லையே" என்று அவள் உரக்கக் கடிந்துகொண்டது அறை முழுவதும் கேட்டது. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமாம், என் தப்புதான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

அதன்பின் அம்மா கத்தரிக்காய் சுட்டதே இல்லை. நாங்கள் கேட்டாலும், "இப்ப எதுக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். "உங்கள் அம்மாவுக்காகவாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்" என்று மனைவி இருமுறை சொன்னாள். நாளை, நாளை என்று கோப்பைத் தள்ளுவதுபோல் தள்ளினேன். 2018இல் அம்மா போய்விட்டாள். குடும்பத்தில் அந்தப் பழி அவள் பெயரிலேயே நின்றுவிட்டது. பிராணவாயு கொடுத்து மீட்கக்கூடியது ஒன்று. அப்படி மீட்க முடியாதது வேறொன்று.

தில்லிச் செய்தித்தாள்களில் குளிர்காலந்தோறும் அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர்களின் செய்தி வருகிறது. பிழைக்க வந்த தொழிலாளர்கள், காவலாளிகள், சில வேளை குழந்தைகளோடு ஒரு குடும்பம் முழுவதும். படிக்கும்போதெல்லாம் அந்தக் கித்தான் வாயிலை நான் இறுக்கிக் கட்டிய முடிச்சு நினைவுக்கு வரும். எங்களுக்கு ஒரு சுபேதார் இருந்தார், அவர்களுக்கு இல்லை. வேறு வேற்றுமை ஒன்றுமில்லை.

அந்தத் திருநெல்வேலி இளைஞரிடம் இவையனைத்தையும் சொல்லி, "தம்பி, அடுப்பு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் உறங்கும் இடத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்" என்றேன். அலுவலகப் பழக்கத்தால் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். கூடாரம், வண்டி, டிரெய்லரின் மூடுகித்தான், விடுதியறை ஆகிய எதற்குள்ளும் கரி, விறகு, எரிவாயு எதனாலான அடுப்பும் கூடாது. வாயிலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது போதாது. உறங்கப் போகுமுன் கங்கை நீரூற்றிக் கிளறி அவிக்கவேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்புப் பெட்டியில் இட்டு மறுநாளும் தொட்டுப் பார்த்த பின்பே கொட்டவேண்டும். சாம்பலுக்குள் கங்கு பல மணிநேரம் உயிரோடிருக்கும். குளிருக்குக் கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையும் போதும். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கருவி இருக்கிறதே என்று அடுப்பை உள்ளே வைக்கக் கூடாது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஊரில் இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை சார்" என்றார். எனக்கும்தான் சொன்னதில்லை. சொல்லத் தேவை இல்லாத ஊர் அது.

சென்ற ஞாயிறன்று அம்மாவின் குமுட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, திறந்த மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சூடம் வைத்துக் கரியை மூட்டினேன். நீறு பூக்கும்வரை காத்திருந்து இரண்டு கத்தரிக்காயைச் சுட்டேன். இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் அருகில் வந்து அமர்ந்தாள். "இது எனக்கு ஒத்துக்கொள்ளாதே அப்பா? சின்ன வயதில் பாட்டி கொடுத்து உடம்புக்கு வந்ததாமே" என்றாள்.

"அன்று உனக்கு ஒத்துக்கொள்ளாதது பாட்டியின் கத்தரிக்காய் அன்று, அம்மா, அப்பாவின் அறியாமை" என்று தொடங்கி, அந்த இரவை முழுவதுமாகச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தட்டை நீட்டினாள். அத்தைக்கும் அன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இம்மலரில் எழுதுவது எஞ்சியவர்களுக்காக.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் ஊரிலிருந்து வந்த குமுட்டியோ, இங்கே வாங்கிய அங்கீட்டியோ இருக்கலாம். அதைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் அப்பளம் சுடுங்கள், கத்தரிக்காய் சுடுங்கள். மலைக்கும் ஆற்றங்கரைக்கும் எடுத்துச் செல்லுங்கள். வானம் தெரியும் இடத்தில் மட்டும் வையுங்கள்.